திரும்பிப் பார்க்காத வண்டிக்காரர்

பினாங்கின் படவுக்காரத் தெருவில் அந்தக் காலத்தில் குதிரை வண்டி வைத்திருந்தவர்கள் பல பேர். ஆனால் அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் நம்பி ஏறும் வண்டி என்றால் அது அலாவுதீனுடையதுதான். காரணம், அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். வண்டி வாசலில் நின்றதும் இறங்கிப் போய்க் குதிரையின் முகத்துக்கு நேராக நின்றுகொள்வார். பின்னால் உடம்பை முழுக்க மூடிய துப்பட்டி சரசரக்கும், வளையல் குலுங்கும், படிக்கட்டு கிறீச்சிடும். திரைக்குள்ளிருந்து “சரி” என்று ஒரு குரல் வந்த பிறகுதான் முன்னால் ஏறிக் கடிவாளத்தைப் பிடிப்பார். உள்ளே எத்தனை பேர், யார் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதும் மரியாதை இல்லை என்பார். வாடகைப் பேச்சு வீட்டு ஆண்களோடு மட்டும்தான். நாள் முழுக்க இந்த மனிதர் பார்க்கிற ஒரே பெண் முகம் குதிரை முகம்தான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். சுமத்ராவிலிருந்து வந்த அந்த டெலிக் குதிரைக்கு அவர் வைத்திருந்த பெயர் பேகம்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது அவருக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. ஒரு துணி வியாபாரி வீட்டில் குதிரைக்குப் புல் போடுகிற வேலை. அந்த வீட்டம்மா வண்டியில் ஏறும்போது ஒருநாள் தெரியாத்தனமாகத் திரும்பிவிட்டார். முதலாளி விட்ட அறையில் காது இரண்டு நாள் குய்யென்றது. அன்றோடு அவருடைய கழுத்து அந்தப் பக்கம் திரும்புவதையே மறந்துவிட்டது. பின்னால் சொந்த வண்டி வாங்கி, மஹ்பூபாவைக் கல்யாணம் கட்டி, ஒரே மகள் சலேஹாவைக் கடல் தாண்டி பாகானில் மளிகைக்கடை வைத்திருந்த சுலைமானுக்குக் கொடுக்கிற வரைக்கும் அந்தக் கழுத்துதான் அவருக்குச் சோறு போட்டது.

பாகான் என்றால் பட்டர்வொர்த். இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையின் தென்னைமரம் தெரியும். ஆனாலும் போவது லேசுப்பட்ட காரியமா? ஆட்கள் லாஞ்சு என்கிற விசைப்படகில் நெருக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி போகவேண்டுமென்றால் தொங்காங்தான். அது பெரிய மரப்படகு. ஒரு லாஞ்சு அதை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஏறினால் கரையிலிருந்து போட்ட பலகை ஒரு பக்கம் சாயும், இறங்கினால் மறுபக்கம் சாயும். குதிரையை அவிழ்த்து, வண்டியை ஆட்கள் தள்ளி ஏற்றிக் கயிறு கட்டுவதற்குள் பாதிக் காலை போய்விடும். பெண்கள் திரைக்குள்ளேயே வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடல் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதன் நாற்றம்தான் தெரியும். இருந்தாலும் திரை விலகியதில்லை. அலாவுதீனுக்கு அது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் வண்டி ஏற்றுகிற ஃபெரி வந்தது. ஊரே பார்க்கப் போனது. தண்ணீரோடு ஏறி இறங்குகிற மிதவை மேடை. பலகை சாய்கிற பேச்சே இல்லை. மோட்டார் கார், மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்லாம் ஓட்டிக்கொண்டே உள்ளே போய்க் கீழ்த்தட்டில் நிற்கலாம். ஆட்களுக்கு மேல்தட்டு. கூரை, பெஞ்சு, குடிக்கத் தண்ணீர்க் குழாய், சாய்ந்து நிற்கக் கம்பி. ஊரில் யாரையும்விட அதிகமாக அதை எதிர்பார்த்திருந்தவர் அலாவுதீன்தான். தொங்காங்கும் வேண்டாம், தள்ளுகிற ஆளும் வேண்டாம், வாசலில் ஏறின பெண்கள் அக்கரையில் வாசலில்தான் இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, வண்டிக்குப் புதுத் திரை தைத்துப் போட்டார். சக்கரத்துக்குச் சாயம் அடித்தார். பேகத்துக்கு நெற்றியில் ஒரு குஞ்சம்கூடக் கட்டினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. புதுத் திரையோடு, நிறையப் பெண்களோடு ஃபெரி ஏறுகிற ஜெட்டிக்குப் போனார். கேட்டில் நின்ற ஜெயராஜ் என்ற ஆள் கையைக் குறுக்கே நீட்டினான். வண்டி மட்டும்தான் கீழே போகலாம். அதில் ஆள் இருக்கக்கூடாது. குதிரை மிரண்டு கடலில் பாய்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டான். உள்ளே இருப்பது கோஷாப் பெண்கள் என்று அலாவுதீன் சொன்னார், கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். பின்னால் வரிசையில் நின்ற மோட்டார்கள் ஹாரன் அடித்தன. ஜெயராஜ் பாவம், அவனும் சம்பளத்துக்கு நிற்கிறவன்.

“கோபப்படாதீங்க அண்ணே. ராஜா வூட்டுப் பொம்பளையா இருந்தாலும் இறங்கித்தான் மேல போவணும். ரூல் அப்படிலா” என்றான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். அந்த அவமானத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். படுத்தாரா? கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தார். ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். ஒருவன், “இனிமே உங்க வூட்டுப் பொம்பளைங்க எப்படி அக்கரைக்குப் போவாங்க, அண்ணே?” என்று கிண்டினான். நுணல் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மறைப்பு இல்லாத அந்த ஃபெரியில் என் வீட்டுப் பெண்கள் காலெடுத்து வைக்க மாட்டார்கள், இது அல்லா மேல் சத்தியம் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

ஃபெரி வந்ததும் தொங்காங் நின்றுபோனது. லாஞ்சில் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் இடிக்கும், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக, மகள் இந்தக் கரைக்கு வர முடியாது, தாய் அந்தக் கரைக்குப் போக முடியாது. நடுவே இந்த மனிதரின் சத்தியம். இந்த நேரம் பார்த்துத்தான் சலேஹாவுக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை தாய்வீட்டில் பிறந்தது. தொங்காங் காலம் அது. இரண்டாவது அக்கரையில் பிறந்தது. பிள்ளை நன்றாக இருந்தது, பெற்றவள்தான் தேறவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுகிறாள் என்று சுலைமான் சொல்லி அனுப்பினான். அலாவுதீன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆண்பிள்ளை போய் என்ன செய்ய முடியும்? கதவோரம் நின்று, “நல்லா சாப்பிடும்மா” என்று சொல்ல முடிந்தது.

மஹ்பூபா பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“ஊரான் பொண்டாட்டிக்கெல்லாம் திரை கட்டி ஓட்டுறீங்க, மச்சான். நம்ம மவளுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சிக் குடுக்க நாதியில்ல” என்றாள்.

“ஆபீஸ்ல சொல்லியிருக்கேன்லா. மேல ஒரு மறைப்பு மட்டும் வரட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. வாரம் தவறாமல் ஃபெரி ஆபீசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அங்கே விநாசித்தம்பி என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு, பேச்சில் தேன். நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். சலேஹாவின் உடம்பு எப்படி என்று விசாரிப்பார். காரியம் மட்டும் நடக்காது. பெண்களுக்கென்று மேல்தட்டில் பலகை அடித்து, கதவு வைத்து ஒரு அறை வேண்டும் என்று அலாவுதீன் கேட்டார். கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்தது. துரை லீவில் போயிருக்கிறார் என்பார்கள். துரை வந்தால் ஃபெரி பழுது பார்க்கப் போயிருக்கும். ஃபெரி வந்தால் துரை மாறியிருப்பார்.

“அலாவுதீன் நானா, உங்கட விஷயம் மேல போயிட்டுது. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ? கொஞ்சம் பொறுங்கோ” என்பார் விநாசித்தம்பி.

மேலே போயிட்டுது, மேலே போயிட்டுது! மேலே போனது எங்கே போய்த் தொலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அலாவுதீன் திரும்பி வரும் வழியெல்லாம் பேகத்தைத் திட்டிக்கொண்டு வருவார். அதுதான் எதிர்த்துப் பேசாது.

இதற்கிடையில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு சபூரா பீவிக்குத் தாய்வீடு பாகானுக்குப் பக்கத்தில். அவள் புருஷனே, இறங்கிப் போனால் போகட்டும், துப்பட்டி இருக்கிறதே என்று சொல்லிவிட்டான். வியாழக்கிழமைதோறும் அந்த வீட்டுப் பெண்கள் புறப்படுவார்கள். அலாவுதீனுக்கு மனசு கசந்தது. ஆனால் மோட்டார்கள் வந்து மற்ற சவாரிகளைத் தின்றுவிட்ட காலம். சத்தியம் தன் வீட்டுக்குத்தானே, அடுத்தவன் வீட்டுக்கு இல்லையே என்று ஒத்துக்கொண்டார். ஜெட்டியில் வண்டியை நிறுத்துவார், குதிரைக்கு முன்னால் போய் நிற்பார், பெண்கள் இறங்கி மேலே போவார்கள். வெறும் வண்டியைக் கீழ்த்தட்டில் ஏற்றிப் பேகத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பார். தலைக்கு மேலே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒருதடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அக்கரையில் அவர்கள் மறுபடி ஏறிக்கொள்வார்கள். சாயங்காலம் வண்டி இதே மாதிரி திரும்பி வரும்.

பேகம்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக நிற்கிற குதிரை, வியாழக்கிழமை சபூரா பீவி வீட்டு வாசலில் மட்டும் காதை நிமிர்த்திக்கொண்டு திரும்பித் திரும்பிக் கனைக்கும். பெண்கள் ஏறுகிற பக்கம் பார்க்கிற குதிரையை எவன் வைத்திருப்பான்? மானத்தை வாங்காதே என்று அதன் தாடையைப் பிடித்து நேராகத் திருப்புவார். வீட்டில் மஹ்பூபா தினமும் கருப்பட்டி ஊட்டி ஊட்டி அதற்குக் கொழுப்பேற்றி வைத்திருக்கிறாள் என்று அவளையும் திட்டுவார்.

ஆனால் மஹ்பூபாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. சண்டையை நிறுத்திவிட்டாள். மகளைப் பற்றிப் பேச்செடுத்தால்கூட, “அல்லா பாத்துக்குவான்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். வியாழக்கிழமைகளில் சபூரா பீவி வீட்டில் தையல் வேலை இருக்கிறது என்று சொல்லி, அவர் வண்டி பூட்டுவதற்கு முன்பே ரிக்‌ஷாவில் போய்விடுவாள். சலேஹாவும் அந்தப் பக்கம் மெல்ல மெல்லத் தேறினாள். முகத்தில் ரத்தம் வந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைப்பக்கம் நடமாடினாள். ஒருநாள் அலாவுதீன் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைக்குப் பல் முளைத்திருக்கிறது என்றார். கீழ்ப்பல்தானே என்றாள் மஹ்பூபா. தாய் மனசுக்குக் கடல் தாண்டியும் தெரிகிறது பார் என்று அவர் பூரித்துப்போனார். இவளைப்போலப் பொறுமைசாலி இந்தத் தெருவிலே உண்டா என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லவும் செய்தார். கடையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

அலாவுதீனுக்கே நம்பிக்கை போன பிறகு, ஒருநாள் விநாசித்தம்பி ஆள் விட்டுக் கூப்பிட்டார். மறைப்பு வந்துவிட்டதாம். அலாவுதீன் ஓடிப்போய் ஜெட்டியில் நின்றபடியே பார்த்தார். அறை கேட்டார் அல்லவா? மேல்தட்டின் பின்கோடியில் நாலு கம்பம் நட்டு, சுற்றிப் பச்சைக் கித்தான் கட்டி, உள்ளே ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருந்தாலும் மறைப்பு மறைப்புதானே. சத்தியம் நின்றதா இல்லையா? அன்று சாயங்காலம் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்பு, மகளைப் பார்க்கப் போகிறோம் என்று மஹ்பூபாவிடம் சொன்னார். அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு சவாரி எடுக்கவில்லை. கீழ்த்தட்டில் வேலை பார்க்கும் பஷீரிடம் பேகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு தானே மேலே ஏறினார். இத்தனை வருஷத்தில் அவர் மேல்தட்டுக்குப் போன பயணம் அதுதான் முதல். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு உத்தரம் தாழ்வாக இருந்தது. முன்னால் போன மஹ்பூபா துப்பட்டிக்குள்ளேயே லாவகமாகக் குனிந்து போனாள். பின்னால் வந்த அலாவுதீனுக்கு நெற்றியில் மடேர் என்று இடித்தது.

பச்சைக் கித்தானுக்குள் யாரும் இல்லை. எவனோ ஒருத்தன் கோழிக்கூடையை உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தான். துப்பட்டி போட்ட பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் கம்பியோரம் காற்று வாங்கிக்கொண்டு நின்றார்கள். இவர்களுக்காகவா நாயாய் அலைந்தேன் என்று அலாவுதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடையைக் காலால் தள்ளிவிட்டு மஹ்பூபாவை உள்ளே உட்கார வைத்தார். கித்தானை இழுத்து மூடி, வெளியே காவல் நின்றார். சங்கு ஊதி ஃபெரி நகர்ந்தது.

கச்சாங் பூத்தே என்கிற வறுகடலை விற்கிற லெட்சுமி தட்டோடு வந்தாள். அலாவுதீனைப் பார்த்து ஒதுங்கிப் போய்க் கித்தானின் மறுபக்கத்தை விலக்கினாள்.

“என்னக்கா, இன்னிக்கு இங்க உக்காந்துட்டீங்க? எப்பவும் நிக்கிற எடத்துல காத்து நல்லா வருதே. மவளுக்குக் கச்சாங் எடுக்கவா?”

அலாவுதீன் காதில் அது விழுந்தது. கடல் நடுவே ஃபெரி நின்றுபோனதுபோல இருந்தது அவருக்கு. லெட்சுமி போனதும் கித்தானை விலக்கிப் பார்த்தார். மஹ்பூபா கச்சாங் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவரை இன்னும் எரித்தது.

“யார் கூட வந்தே?”

“சபூரா பீவி கூட.”

“எதுல வந்தே?”

“நம்ம வண்டியிலதான், மச்சான்.” பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள். “ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க.”

யா அல்லா! தன் பொண்டாட்டியைத் தன் வண்டியில் ஏற்றி, தானே ஓட்டி, தானே ஜெட்டியில் இறக்கி, சாயங்காலம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவரைப்போல, ஃபெரி ஆபீஸ் படியை வாரம் தவறாமல் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். குதிரை திரும்பியது. அதன் தாடையைப் பிடித்து நேராக்கியவர் அவர்.

“நான் சத்தியம் பண்ணினேனே” என்றார். 

“நீங்க பண்ணினீங்க. நான் பண்ணல” என்றாள் மஹ்பூபா. “அவ சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தா, மச்சான். செத்துப்போயிருப்பா.”

 அவருக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்துவது? கத்தினால் தெருவுக்குத் தெரியும். தெரிந்தால் ஓட்டிக்கொண்டு போனவன் யார் என்றும் தெரியும். தேத்தண்ணிக் கடையில் அந்த இரண்டு பேர் ஏன் பார்த்துக்கொண்டார்கள் என்பது இப்போது புரிந்தது. ஜெயராஜுக்குத் தெரியும், பஷீருக்குத் தெரியும், கச்சாங் விற்கிறவளுக்குத் தெரியும். விநாசித்தம்பி நாற்காலி போட்டு உட்கார வைத்தாரே, அவருக்கும் தெரிந்திருக்குமோ? 

சலேஹா வீட்டில் அன்று யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. மஹ்பூபாவின் பழைய வெற்றிலைப் பெட்டி அடுப்பங்கரை மாடத்தில் இருந்தது. அவளுடைய இன்னொரு துப்பட்டி கொடியில் காய்ந்தது. மூத்த பிள்ளை ஓடிவந்து மஹ்பூபாவின் காலைக் கட்டிக்கொண்டது. அலாவுதீன் சாப்பிட உட்கார்ந்தார். சலேஹா பரிமாறினாள். கை நிறைந்து, கன்னம் நிறைந்து, பழைய சலேஹா. யார் காய்ச்சிக் கொடுத்த கஞ்சி அது என்று நினைத்தபோது சோறு அவருக்கு இறங்க மறுத்தது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னாள் மகள். போட்டுக்கொண்டார்.

திரும்புகிற ஃபெரிக்கு ஜெட்டியில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல இறங்கிப் போய்க் குதிரைக்கு முன்னால் நின்றார். பின்னால் படி கிறீச்சிட்டது. மறைப்புக்குள் போய் உட்கார் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. வெறும் வண்டியைக் கீழ்த்தட்டில் ஏற்றிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபெரி பாதிக் கடல் வந்திருக்கும். தலைக்கு மேலே அதே சிரிப்புச் சத்தம் கேட்டது.

அலாவுதீன் நிமிர்ந்து பார்த்தார்.

மேல்தட்டுக் கம்பியோரம் வெள்ளைத் துப்பட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை, எல்லாம் காற்றில் ஒரே மாதிரி அடித்துக்கொண்டன. பின்கோடியில் பச்சைக் கித்தான் ஆளில்லாமல் ஆடியது. இதில் தன் மனைவி யார் என்று தேடினார். இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை.

பேகம் காதை நிமிர்த்தியது. கழுத்தைத் தூக்கி, வரிசையில் ஒரு பக்கம் பார்த்துக் கனைத்தது. அதன் தாடையைப் பிடித்துத் திருப்பக் கை போனது. பாதியில் கையை எடுத்துக்கொண்டு, குதிரை பார்த்த பக்கமே அவரும் பார்த்தார்.